தள்ளாமல் ஏறிய வண்டி

மூடியைக் கழட்டினா, என்ஜினுக்குள்ள ஒரு பல்லி உக்காந்திருந்துச்சு. பிஸ்டன் இல்ல, வால்வு இல்ல, ஒரு சொட்டு ஆயில் இல்ல. பல்லி மட்டும்தான்.

"மைலேஜ் நல்லா குடுக்கும் போல"ன்னேன்.

யாரும் சிரிக்கல. இளவரசு மாமா எப்பவுமே சிரிக்க மாட்டாரு, அது எனக்குப் பழகிப்போச்சு. எங்க அக்கா கனிமொழியைக் கட்டினதால அவரு எனக்கு மாமா. துப்பறியுற ஆபீஸ்ல என்னை வேலைக்கு வச்சிருக்கறதால முதலாளி. சம்பளம் லேட்டாச்சுன்னா மறுபடியும் மாமாவா ஆயிடுவாரு. முன்னாடி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக ஆக்சிடென்ட் ஆன வண்டியெல்லாம் பாத்து ரிப்போர்ட் எழுதினவரு. நசுங்கின வண்டியையே பாத்துப் பாத்து அவரு மூஞ்சியும் அப்படி ஆயிடுச்சுன்னு எங்க அக்கா சொல்லும்.

ஆனா பக்கத்துல நின்ன சூசைமாணிக்கம் அண்ணன் கோவப்படக்கூட இல்ல. அவருதான் இந்த கெடிலம் மோட்டார்ஸ்ல என்ஜின் ஷாப்புக்குத் தலைவரு. அவரு கையால செஞ்ச என்ஜினைத் திருடிட்டு, அதே டெஸ்ட் மேடையில வெறுங்கூட்டை வச்சுட்டுப் போயிருக்கான் ஒருத்தன். நான் அதை வச்சு ஜோக் அடிக்கறேன். என்னை ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம். அவரு பல்லியைப் பாத்துக்கினே நின்னாரு.

அந்தக் கம்பெனியே அப்படித்தான் இருந்துச்சு. கடலூர் சிப்காட்ல எவ்ளோ கம்பெனி பாத்திருக்கேன், எங்கயும் ஒரு சத்தம், ஒரு சண்டை இருக்கும். இங்க செக்யூரிட்டி நம்ம மூஞ்சியைப் பாக்காமலே கேட்டைத் திறந்தாரு. கேண்டீன்ல சர்க்கரை போட மறந்த டீ குடுத்தாங்க. குடிச்சவங்க ஒருத்தர்கூட என்னாய்யா இதுன்னு கேக்கல.

"முதல்ல இருந்து சொல்லுங்க"ன்னாரு மாமா.

சூசை அண்ணன் சொன்னாரு. புகை ரூல் மாறினதும் கம்பெனியோட பழைய என்ஜினை இனிமே விக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு. புது என்ஜின் இல்லன்னா கம்பெனி இல்ல. முதலாளியோட பையன் ஸ்ரீதர், ரெட்டை சிலிண்டர்ல ஒரு பெரிய என்ஜினுக்கு டிசைன் போட்டாரு. போன வருஷம் அந்த வண்டியை ஓட்டிப் பாக்க பைபாஸ்ல போனப்போ, தப்பான பக்கத்துல வந்த லாரி ஒண்ணு அவரை அடிச்சுடுச்சு. அங்கயே உயிர் போயிடுச்சு. இப்போ அவரு மனைவி சத்யப்பிரியாதான் கம்பெனியைப் பாத்துக்கறாங்க.

"இந்தச் சின்ன என்ஜின்?"

"ஒத்தை சிலிண்டரு. வேகம் கம்மி, இழுப்பு ஜாஸ்தி. ரெண்டு மூட்டை நெல்லு ஏத்தினாலும் முக்காது. நம்ம ஊருக்கு இதான் சரி. டெஸ்ட் முடிச்சு கொஞ்ச நாளா ரூமைப் பூட்டி வச்சிருந்தோம். நேத்து சும்மா ஒரு ஓட்டு ஓட்டிப் பாக்கலாம்னு கிக்கரை மிதிச்சேன். கால் பாட்டுக்கு உள்ள போவுது. எக்ஸிபிஷனுக்காகப் பண்ணி வச்ச கூட்டை இங்க தூக்கி வச்சிருக்கானுங்க."

"இன்னொண்ணு பண்ண முடியாதா?"

"வார்த்து எடுக்கவே மாசக்கணக்காகும். திங்கக்கிழமை போர்டு மீட்டிங். பேங்க் குடுக்கற கடன்ல ஒரு என்ஜினுக்குத்தான் வார்ப்பு அச்சு போட முடியும். இது மேடையில இருந்து ஓடிக்காட்டுச்சுன்னா இதுக்குப் போடுவாங்க. இல்லன்னா பெரியதுக்கு."

"பெரியதுக்குப் போட்டா என்னா ஆவும்?"

"அழகா இருக்கும் சார். வேகமாப் போவும். டிராஃபிக்ல ரெண்டு நிமிஷம் நின்னா சூடு ஏறிக்கும். அந்த வெலைக்கு யாரும் வாங்க மாட்டான். ஒரு வருஷத்துல கேட்டைச் சாத்திடுவாங்க."

இதையும் அவரு மழை வரும்போல இருக்குன்னு சொல்ற மாதிரிதான் சொன்னாரு.

மாமா குனிஞ்சு அந்தக் கூட்டோட நெத்தியைப் பாத்தாரு. அதுல சந்தனம் வச்சு, அதுமேல குங்குமப் பொட்டு இருந்துச்சு, செக்கச்செவேல்னு.

"இது என்னா?"

"எங்க பழக்கம் சார். புது என்ஜினை மொத தடவை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி முதலாளி வீட்டுல இருந்து வந்து பொட்டு வைப்பாங்க. நான் சர்ச்சுக்குப் போறவன்தான், ஆனா பொட்டு வைக்காத என்ஜினை நானும் மிதிக்க மாட்டேன்."

"எக்ஸிபிஷன் கூட்டுக்கும் வைப்பீங்களா?"

"அதுக்கு எதுக்கு சார்? அது ஓடப்போறதே இல்லையே."

மாமா நிமிர்ந்தாரு. அதுக்குள்ள கதவைத் தள்ளிக்கினு சென்ட் வாசனை வந்துச்சு, பின்னாலயே தமிழ்மணி வந்தாரு. சேல்ஸ் மேனேஜர். கையில ரெட்டை சிலிண்டர் வண்டியோட போஸ்டர் சுருள். சின்ன என்ஜின் காணாமப்போனது ரொம்ப வருத்தமான விஷயம்னு சொன்னாரு. சொல்லும்போதே போஸ்டரை எந்தச் செவுத்துல ஒட்டலாம்னு கண்ணாலேயே அளந்தாரு. கேஸ் முடிஞ்சுதுன்னு நான் மனசுக்குள்ள கையைத் தட்டிக்கிட்டேன்.

மேல ஆபீஸ் ரூம்ல சத்யப்பிரியா மேடம் உக்காந்திருந்தாங்க. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். எதிர்ல வச்ச சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்ல.

"யாரு மேல சந்தேகம் மேடம்?"ன்னேன் நான்.

"எனக்குத் திருடன் வேணாங்க. திங்கக்கிழமைக்குள்ள என்ஜின் வேணும்."

"இந்தக் கம்பெனி மூடிட்டா உங்களுக்கு..." மாமா முடிக்கல.

"தெரியும் சார். இருநூறு குடும்பம். பயமா இருக்கணும், இல்ல? ஆனா ஒண்ணும் தெரியல. அவரு போனதுல இருந்து நான் அழவே இல்ல. யாராச்சும் என்னைக் கிள்ளினாகூட வேற யாரையோ கிள்ற மாதிரி இருக்கு. நீங்க தேடுங்க. நான் கையெழுத்து போடற எடத்துல போடறேன்."

எனக்கு ஒரு ஜோக்கும் வரல.

மறுநாள் காலையில மாமா என்னைச் சிதம்பரத்துக்குக் கார் ஓட்டச் சொன்னாரு. ஆலப்பாக்கம் தாண்டினதும் நான் கேட்டுட்டேன்.

"தமிழ்மணி வீடு மஞ்சக்குப்பத்துல இருக்கு மாமா. நாம எதிர் திசையில போறோம்."

"ராஜவேலு, உன்கிட்ட நம்பர் இல்லாத ஒரு என்ஜின் இருக்கு. என்னா பண்ணுவ?"

"வித்துட்டு சினிமாவுக்குப் போவேன்."

"யாரு வாங்குவா? பைக்ல மாட்டினா போலீஸ் சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர்னு ரெண்டையும் பாப்பான். போட்டி கம்பெனிக்காரன் எடுத்திருந்தா டிராயிங்கைத்தான் எடுத்திருப்பான், அதெல்லாம் பத்திரமா இருக்கு. அப்போ, எந்த வண்டியில எந்த என்ஜின் இருந்தாலும் எவனும் கேக்க மாட்டான்?"

நான் யோசிச்சேன். எதிர்லயே பதில் வந்துச்சு. முன்னாடி ரெண்டு சக்கரம், நடுவுல பலகை, மேல நாலு ஐஸ் பெட்டி, பின்னாடி ஏதோ செத்துப்போன ஸ்கூட்டரோட என்ஜினை வெல்டிங் வச்சு ஒட்டினு, புகையைக் கக்கினு ஒண்ணு போச்சு.

"மீன்பாடி வண்டி"ன்னேன்.

"அதான். இந்தப் பக்கம் கிள்ளையில இருந்துதான் மீன் ஜாஸ்தி வரும். சிதம்பரத்துக்குள்ள வரணும்னா அண்ணாமலை நகர் மேம்பாலத்துல ஏறணும். புது என்ஜின் போட்ட வண்டி எதுன்னு பாலத்தடியில நிக்கறவனுக்குத் தெரியாம இருக்காது."

பாலத்தடியில ஞானாம்பாள்னு ஒரு அம்மா டீக்கடை வச்சிருந்தாங்க. அந்தக் கடை பெஞ்சுல நாலு ஆளுங்க சோர்ந்துபோயி குந்தினு இருந்தாங்க. சுமை வண்டி வந்தா பின்னாடி கையைக் குடுத்துப் பாலத்து மேல தள்ளிவிடறது அவுங்க வேலை.

"என்னாம்மா, காலையிலயே இவங்க மூஞ்சி தொங்குது?"ன்னேன்.

"மரிய அருளுன்னு ஒருத்தன்பா, கிள்ளைக்காரன். எங்கிருந்தோ ஒரு என்ஜினு கொண்டாந்து மாட்டிக்கினான். நெறைய ஐஸு, நெறைய மீனு ஏத்தினு வரான், இவனுங்களைத் திரும்பிக்கூட பாக்காம ஏறிப் போயிடறான். ஒருத்தன்தானேன்னு விட்டா, இப்போ மத்த வண்டிக்காரனுங்க எல்லாம் அந்த என்ஜினு எங்க கெடைக்கும், எங்க கெடைக்கும்னு இங்க வந்து விசாரிக்கறானுங்க. எல்லாவனும் மாட்டிக்கினா இவனுங்க என்னா பண்ணுவானுங்க?"

மாமா டீயை வாங்கிக்கினாரு. அவரு மூஞ்சியில ஏதோ அசைஞ்சுது. சிரிப்பா இருக்கலாம், எனக்கு உறுதியாத் தெரியல.

"அப்போ தமிழ்மணிதான் இவனுக்கு வித்திருக்கணும்"னேன்.

"தமிழ்மணி இல்ல. நேத்தே தெரியும்."

"நேத்தே தெரிஞ்சுமா நாம இவ்ளோ தூரம் வந்தோம்?"

"அந்தம்மா என்ஜினைத்தான் கேட்டாங்க, ஆளை இல்ல. ஆளு தெரிஞ்சிருச்சு, என்ஜின் எங்கன்னு தெரியல. அந்தப் பொட்டை யோசிச்சுப் பாரு. நிஜ என்ஜின் எத்தனையோ நாள் ஓடினது. அதுல வச்ச பொட்டு சூட்டுல வெந்து கருத்துப்போயிருக்கும். நம்மளை ஏமாத்தணும்னு நெனைக்கறவன் என்னா பண்ணுவான்? கருப்பா வைப்பான். இல்ல, வைக்கவே மாட்டான். இவன் புதுசா, சிவப்பா, சந்தனம் கொழைச்சு வச்சிருக்கான்."

"ஏன்?"

"மனசு கேக்கல. அந்த மேடையில ஒரு என்ஜினைப் பொட்டு இல்லாம விட்டுட்டுப் போறதுக்கு அவனுக்குக் கை வரல. அதுக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சும் வச்சிருக்கான். தமிழ்மணிக்கு அந்த மேடையில எந்தப் பக்கம் முன்பக்கம்னுகூடத் தெரியாது."

"முதலாளி வீட்டுலதானே பொட்டு வைப்பாங்க? மாமா, அந்தம்மாவே எடுத்துட்டு நம்மளைக் கூப்ட்டாங்களா?"

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். சூசை அண்ணனைத் தனியாக் கேட்டேன். புருஷன் போனதுல இருந்து அவுங்க வைக்கறதில்லையாம், யாரும் வைக்கவும் சொல்லலையாம்."

"அப்புறம் யாரு வைக்கறா?"

மாமா சொல்றதுக்குள்ள பாலத்து மேலயிருந்து ஒரு சத்தம் வந்துச்சு. மத்த மீன்பாடி வண்டி மாதிரி படபடன்னு இல்ல. ஒரே சீரா, நிதானமா வந்துச்சு. உச்சியைத் தாண்டி ஒரு வண்டி எறங்குச்சு, ஐஸ் பெட்டி மனுஷன் உசரத்துக்கு அடுக்கியிருந்துச்சு. ஓட்டுறவன் பக்கத்துல பலகை ஓரமா ஒரு பெரியவரு உக்காந்திருந்தாரு. வெள்ளைச் சட்டை, நெத்தியில திருநீறு, வேட்டி முழங்கால் வரைக்கும் மீன் தண்ணியில நனைஞ்சிருந்துச்சு.

கெடிலம் மோட்டார்ஸ் சேர்மன், ஸ்ரீதரோட அப்பா தில்லைநாதனை நான் அதுக்கு முன்னாடி கம்பெனி வாசல் போட்டோவுலதான் பாத்திருந்தேன்.

மாமா கையைக் காட்டினதும் வண்டி நின்னுச்சு. பெரியவரு திடுக்கிடவே இல்ல. எறங்கக்கூட இல்ல.

"சத்யா அனுப்புன ஆளா?"ன்னு மட்டும் கேட்டாரு.

மரிய அருள்தான் பயந்துட்டான். "சார், நான் திருடல. பெரியவரே கொண்டாந்து சும்மா குடுத்தாரு. மூணே கண்டிஷன். ஆயில் மாத்தக் கூடாது, உப்புத் தண்ணி பட்டா கழுவக் கூடாது, எவ்ளோ முடியுமோ அவ்ளோ பாரம் ஏத்தணும். கம்பெனிக்காரங்க டெஸ்ட் பண்றாங்கன்னு நெனைச்சுக்கினேன்."

"டெஸ்ட் இல்லப்பா"ன்னாரு பெரியவரு. "ஒடையட்டும்னுதான் குடுத்தேன்."

அவரு குரல்ல ஏத்தமும் இல்ல எறக்கமும் இல்ல. மகன் போனதுல இருந்து பொட்டு வைக்கறது அவருதானாம்; வெறுங்கூட்டுக்கும் அவரே வச்சுட்டு, என்ஜினை டிரைவரை வச்சுத் தூக்கி, தன்னோட கார் டிக்கியில போட்டுக் கொண்டாந்தாராம். சேர்மன் காரை எந்த செக்யூரிட்டி சோதனை போடுவான்? கிள்ளை உப்புக்காத்துக்கும் ஐஸ் தண்ணிக்கும் எந்த என்ஜினும் சீக்கிரம் படுத்துடும். படுத்ததும் அதைக் கொண்டுபோய் மீட்டிங்ல டேபிள் மேல வச்சு, இதை நம்பியா என் பையன் என்ஜினைத் தூக்கிப் போடறீங்கன்னு கேக்கலாம்னு நெனைச்சிருக்காரு.

"தெனம் காலையில கிள்ளைக்கு வந்து இதுல ஏறி உக்காந்துடறேன்"னாரு. "இன்னிக்கு நிக்கும், இன்னிக்கு நிக்கும்னு. நிக்கவே மாட்டேங்குது. என் பையன் போட்டதுல மிச்சம் இருக்கறது அந்த ரெட்டை சிலிண்டர் ஒண்ணுதான் தம்பி. அதையும் ஸ்கிராப்புக்குப் போட்டுட்டா அப்புறம் அவன் எங்க இருக்கான்?"

காலையில இருந்து தமிழ்மணியைக் கைவிலங்கோட கற்பனை பண்ணினு இருந்தவன், இந்த மனுஷனுக்கு ஒரு டீ சொன்னேன்.

மாமா முன்னாடியே போன் பண்ணியிருப்பாரு போல. ஒரு கார் வந்து நின்னுச்சு, சத்யப்பிரியா மேடம் எறங்கினாங்க. மாமனாரைப் பாத்தாங்க, என்ஜினைப் பாத்தாங்க, வேட்டியில ஒட்டியிருந்த மீன் செதிலைப் பாத்தாங்க. கோவம் வரும்னு காத்திருந்தேன். வரல.

"இந்தப் பாலத்துல ஏறுமாங்க?"ன்னு மரிய அருளைக் கேட்டாங்க.

"தள்ளாமலே ஏறும் மேடம்."

"திரும்பி ஒரு தடவை ஏத்துங்க."

அவன் வண்டியைத் திருப்பினான். அவ்ளோ ஐஸையும் மீனையும், கூடவே பெரியவரையும் சுமந்துகினு அது ஏறிப்போச்சு. பெஞ்சுல குந்தினு இருந்த நாலு பேரும் எழுந்து நின்னு பாத்தாங்க. அப்புறம் உச்சியில திரும்பி, எங்க பக்கத்துலயே வந்து நின்னுச்சு. மேடம் வண்டி ஓரமாப் போயி மாமனார் முன்னாடி நின்னாங்க.

"மாமா, இதுக்கு டிசைன் யாரு போட்டதுன்னு நெனைக்கறீங்க?"

"சூசை."

"சூசை அண்ணன் செஞ்சாரு. டிசைன் போட்டது உங்க பையன்."

பெரியவரு நிமிர்ந்து பாத்தாரு.

"பெரியது சரிப்பட்டு வராதுன்னு அவருக்கே தெரிஞ்சிருச்சு மாமா. சூட்டைக் கொறைக்க முடியல, வெலையையும் கொறைக்க முடியல. நம்ம ஊருக்காரன் வாங்கற என்ஜின் வேணும்னு ராவும் பகலுமா உக்காந்து இந்தச் சின்னதை வரைஞ்சாரு. சூசை அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா ஊரெல்லாம் ரெட்டை சிலிண்டர்னு பெருமையாச் சொல்லிட்டு இருக்காரு, இதை அவருகிட்ட நானே பக்குவமாச் சொல்றேன்னாரு. கடைசியா ஒரு தடவை அந்தப் பெரியதுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொல்றேன்னுதான் அன்னிக்கு பைபாஸ்ல போனாரு."

அதுக்கப்புறம் ரெண்டு பஸ்ஸு பாலம் ஏறிப்போச்சு.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"காரியம் முடிஞ்சு நீங்க அந்த ரெட்டை சிலிண்டரைப் பிடிச்சுக்கினுதான் எழுந்து உக்காந்தீங்க. அதையும் எப்படிப் பிடுங்கறது? சின்னது நல்லா ஓடிக்காட்டினா போர்டே அதை எடுத்துக்கும், உங்களுக்குத் தெரியவே வேணாம்னு இருந்தேன்."

பெரியவரு திரும்பி, பின்னாடி இருந்த அந்த என்ஜினைக் குனிஞ்சு பாத்தாரு. தெனம் காலையில சாமி கும்பிட்டுட்டு வந்து, இது உடையணும்னு அவரு வேண்டினது அவரு பையன் கடைசியா செஞ்ச வேலையை. இளவரசு மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கினாரு.

"மரிய அருளு"ன்னாரு பெரியவரு. "இந்தப் பெட்டியெல்லாம் மார்க்கெட்ல எறக்கிட்டு வந்து, இதைக் கழட்டிக் குடுப்பா. ஜாக்கிரதையா கழட்டு."

திங்கக்கிழமை மீட்டிங்ல எங்களையும் கடைசி வரிசையில உக்கார வச்சாங்க. தமிழ்மணி போஸ்டரை விரிச்சு ரெட்டை சிலிண்டரைப் பத்தி ஆரம்பிச்சாரு. பெரியவரு கையைக் காட்டி உக்காரச் சொன்னாரு.

"என் பையன் இதைப் போன வருஷமே முடிவு பண்ணிட்டான். எனக்குத்தான் சேதி லேட்டா வந்துச்சு. சின்னதுக்கே அச்சு போடுங்க."

அவ்ளோதான் மீட்டிங். அந்த முடிவுதான் அந்தக் கம்பெனியை இன்னிக்கு வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கு. இப்போ காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லுக்கு நெல்லு மூட்டை ஏத்தினு போற பைக்ல பாதிக்கு மேல கெடிலம் வண்டிதான்.

மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் வெளியில வந்துட்டோம். மேடம் மட்டும் வரல. கொஞ்ச நேரத்துல உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டுச்சு. சாதாரண அழுகை இல்ல, ஒரு வருஷமா வராதது மொத்தமா வந்த மாதிரி, கீழ என்ஜின் ஷாப் வரைக்கும் கேட்டுச்சு. யாரோ கதவைத் திறக்கப் போனாங்க. பெரியவரு வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கினு, ஒருத்தரையும் உள்ள விடல. அவரு கண்ணும் ஒழுகினுதான் இருந்துச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு மேடம் மூஞ்சி கழுவிட்டு வெளியில வந்தாங்க. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. சூசை அண்ணனைப் பாத்து, மொத அச்சு என்னிக்கு வரும்னு கேட்டாங்க.